ஓடி வளர்ந்த இதயம்

1911ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் மாரத்தான் ஓட்டத்திற்கு வீரர்கள் கூடியிருந்தனர். ஓட்டம் தொடங்குமுன் அவர்களின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மருத்துவர்கள் சோதித்தனர். கிளாரன்ஸ் டிமார் என்னும் இருபத்திரண்டு வயது இளைஞரின் இதயத்தில், வழக்கமான இரண்டு ஒலிகளோடு மெல்லிய முணுமுணுப்பு ஒன்றும் கேட்டது. களைப்புத் தோன்றினால் உடனே விலகிவிட வேண்டும் என்றும், இனி இத்தகைய நெடுந்தொலைவு ஓட்டங்கள் வேண்டாம் என்றும் அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. அச்சுத் தொழிலாளியான டிமார் அன்று விலகவில்லை. பாஸ்டன் ஓட்டத்தில் அதுவரை எவரும் ஓடாத வேகத்தில் ஓடி முதலிடம் பெற்றார்.

ஆனால் மருத்துவர்களின் சொல் அவரை விட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஓடியபின், பல ஆண்டுகள் பெரும்பாலும் பந்தயங்களிலிருந்து ஒதுங்கியே இருந்தார். படிப்பும் சமய ஈடுபாடும் அதற்குக் காரணங்களாக இருந்தன. நெஞ்சில் கேட்ட அந்த ஒலி பற்றிய எச்சரிக்கையும் ஒரு காரணமாக இருந்தது. ஓட்டவீரர் ஒருவருக்கு இருபத்து நான்கு வயதுமுதல் முப்பது வயதுவரையுள்ள காலம் என்பது உழவனுக்கு ஆடிப்பட்டம் போன்றது. தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

அந்த மருத்துவர்களைக் குறை கூறுவது எளிது. அவர்கள் தம் காலத்து அறிவைக் கொண்டு பேசினார்கள். நோயாளிகளிடம் அவர்கள் கண்ட பெருத்த இதயங்கள் எல்லாம் தளர்ந்த இதயங்களாகவே இருந்தன. அடைப்பிதழ் பழுதுபட்டவர்க்கும் இரத்த அழுத்தம் மிகுந்தவர்க்கும் இதயம் பெருத்தது, பெருத்தபின் சோர்ந்தது, சோர்ந்தபின் நின்றது. நோயாளியின் நெஞ்சில் கண்ட அதே பெருக்கத்தை ஓடி விளையாடும் இளைஞனின் நெஞ்சில் கண்டால், அதை நலம் என்று எந்த மருத்துவர் துணிந்து சொல்வார்?

தேம்ஸ் ஆற்றில் தோன்றிய வழக்கு

இந்த அச்சம் டிமாரின் காலத்திற்கு முன்பே தோன்றிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களுக்கிடையே துடுப்புப் படகுப் போட்டி 1829இல் தொடங்கியது. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவை, மூச்சு முட்ட, இடைவிடாது துடுப்பு வலித்துக் கடக்க வேண்டும். 1867இல் ஸ்கே என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், இப்போட்டி இளைஞர்களின் உடலைக் கெடுக்கிறது என்று இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். பெற்றோர் கலங்கினர். ஆதரித்தும் எதிர்த்தும் கடிதங்கள் குவிந்தன.

மான்செஸ்டரைச் சேர்ந்த ஜான் மார்கன் என்னும் மருத்துவர் கடிதப் போரில் இறங்குவதோடு நிற்காமல், கணக்கெடுக்கத் தொடங்கினார். 1829 முதல் 1869 வரை இப்போட்டியில் துடுப்பு வலித்த 294 பேரையும் அவர் தேடினார். உயிரோடிருந்தவர்களுக்கு எழுதிக் கேட்டார். இறந்தவர்களைப் பற்றி உறவினரிடமும் நண்பரிடமும் விசாரித்தார். தம் தேடலின் முடிவை 1873இல் நூலாக வெளியிட்டார். 115 பேர் துடுப்பு வலித்ததால் நன்மையே விளைந்தது என்றனர். 162 பேருக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. தீங்கு நேர்ந்ததாகக் கூறப்பட்டவர் 17 பேர். மற்றவர்களைவிட இவர்களின் வாழ்நாள் குறையவில்லை என்பது மட்டுமன்று, சற்றுக் கூடியே இருந்தது. மார்கனும் இளமையில் துடுப்பு வலித்தவர். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் எப்படியும் நாட்டின் சராசரியைவிட நெடுநாள் வாழ்ந்திருப்பார்கள். ஆகவே இக்கணக்கை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. எனினும், அச்சத்திற்கு விடை தேட ஒருவர் ஆட்களை எண்ணத் தொடங்கினார் என்பதே அக்காலத்தில் பெரிய செய்தி.

மார்கன் ஆயுளைத்தான் கணக்கிட்டார், இதயத்தை அளக்கவில்லை. அதை அளந்தவர் சுவீடன் நாட்டு உப்சாலா நகரத்து மருத்துவர் ஹென்ஷென். எக்ஸ்-கதிர் அப்போதுதான் கண்டறியப்பட்டிருந்தது. அவர் பயன்படுத்திய கருவி விரல்தான். சந்தையில் மண்பானை வாங்குபவர் விரலால் தட்டி ஒலியைக் கேட்பது போல, நெஞ்சின்மேல் ஒரு விரலை வைத்து மற்றொரு விரலால் தட்டினால், காற்று நிறைந்த நுரையீரல் ஒருவகையாகவும் தசை நிறைந்த இதயம் வேறுவகையாகவும் ஒலிக்கும். ஒலி மாறும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனால் இதயத்தின் எல்லை தோலின்மேல் வரைபடமாகிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் இம்முறையை வகுத்த ஆவுன்புருகர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயில் எவ்வளவு மது மீந்துள்ளது என்பதைத் தட்டிப் பார்த்தே அறியும் வழக்கம் அவருக்கு வீட்டிலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும்.

ஹென்ஷென் பனிச்சறுக்குப் பந்தய வீரர்களின் நெஞ்சை இவ்வாறு தட்டி அளந்தார். அவர்களின் இதயம் மற்றவர் இதயத்தைவிடப் பெரிதாக இருந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் பெரிதாக இருந்தன. 1899இல் அவர் எழுதிய முடிவு காலத்தை முந்தியது. இப்பெருக்கம் நோயன்று, மிகுந்த உழைப்பால் வலுப்பெற்ற உறுப்பின் வளர்ச்சி, பெரிய இதயம் பெரிய பணியைச் செய்ய வல்லது என்றார் அவர். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டார்லிங் என்னும் மருத்துவரும் துடுப்பு வலிக்கும் மாணவர்களிடம் இத்தகைய பெருக்கத்தைக் கண்டு எழுதினார். இருவரும் எழுதிய பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் பாஸ்டனில் டிமாருக்குக் கிடைத்தது பழைய அறிவுரைதான். ஓர் உண்மை அச்சேறுவதற்கும் அது மருத்துவர் ஒருவரின் வாயில் அறிவுரையாக மாறுவதற்கும் இடையே ஒரு தலைமுறை கழிவது அரிதன்று.

இரண்டு வகைச் சுமை

இதயம் ஏன் வளர்கிறது? ஓய்வில் இருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்திற்கு ஐந்து லிட்டர். ஓடும்போது கால் தசைகளுக்கு உயிர்வளி மிகுதியாக வேண்டியிருக்கிறது. ஐந்து லிட்டர் இருபது லிட்டராக உயர வேண்டும். உலகத்தரமான நெடுந்தொலைவு வீரருக்கு முப்பத்தைந்து லிட்டரையும் தாண்ட வேண்டும்.

இங்கே ஒரு வியப்பு உள்ளது. பயிற்சியால் துடிப்பின் உச்ச எண்ணிக்கை கூடுவதில்லை. இருபது வயதில் ஒருவரின் இதயம் நிமிடத்திற்கு 190 அல்லது 200 முறைவரை துடிக்கும். அவர் எத்தனை ஆண்டு ஓடினாலும் அந்த எண் உயராது. சற்றுக் குறையவும் கூடும். ஆகவே மிகுதியான இரத்தத்தை அனுப்ப ஒரே வழிதான் உள்ளது. ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியாக அனுப்ப வேண்டும். அதற்கு அறை பெரிதாக வேண்டும். 190 துடிப்பில் துடிப்புக்கு 110 மில்லிலிட்டர் என்றால் 21 லிட்டர். 190 மில்லிலிட்டர் என்றால் 36 லிட்டர். முதல் மூவரில் ஒருவராக வருவதற்கும் வெகு பின்னால் வருவதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது.

நெடுநேரம் ஓடும்போதும் நீந்தும்போதும் கால், கைத் தசைகள் பிழிந்து அனுப்பும் இரத்தம் வெள்ளம் போல் இதயத்திற்குத் திரும்புகிறது. அறை நிரம்பி விரிகிறது. நாள்தோறும் மணிக்கணக்காக விரியும் அறை, சில மாதங்களில் தன் தசைநார்களை நீளச் செய்துகொள்கிறது. சுவரும் அதற்கேற்பச் சற்றுத் தடிக்கிறது. எடை தூக்குபவரின் நிலை வேறு. அவர் மூச்சை அடக்கி, உடல் முழுவதையும் இறுக்கி, சில நொடிகள் மட்டும் பெருவலிமையைச் செலுத்துகிறார். இறுகிய தசைகள் இரத்தக் குழாய்களை நெரிக்கின்றன. அந்தச் சில நொடிகளில் அழுத்தம் இயல்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே எழுகிறது. அத்தகைய அழுத்தத்திற்கு எதிராகத் திறக்க வேண்டிய இதயம் அறையை விரிப்பதில்லை. சுவரைத் தடிக்கச் செய்துகொள்கிறது. ஏரிக்கு வரும் நீர் மிகுந்தால் கரையை அகற்றிக் கட்டுவதும், அலை வலுத்தால் கரையைப் பருமனாகக் கட்டுவதும் போன்ற வேறுபாடு இது.

இதயத்தின் தசைச் செல்கள் பிறந்தபின் மிக அரிதாகவே புதிதாகப் பெருகுகின்றன. ஆகவே இவ்வளர்ச்சி, செல்களின் எண்ணிக்கை கூடுவதால் வருவதன்று. இருக்கும் செல்களே நீண்டும் பருத்தும் வளர்வதால் வருவது. அவற்றுக்கு உணவூட்டும் நுண்குழாய்களும் உடன் வளர்கின்றன. நோயால் தடித்த இதயத்தில் இவ்வொழுங்கு இருப்பதில்லை. அங்கே தசை வளரும் வேகத்திற்குக் குழாய்கள் ஈடு கொடுப்பதில்லை. நார்களுக்கிடையே தழும்பு படிகிறது. வெளியே அளந்தால் ஒரே தடிப்பு. உள்ளே ஒன்று நெய்த துணி. மற்றொன்று சிக்கிய நூல்.

இவற்றையெல்லாம் உயிருள்ள மனிதரிடம் பார்க்கும் வழி 1953இல் திறந்தது. சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் விரிசலைக் கண்டறியப் பயன்பட்ட மீயொலிக் கருவியை இரவல் வாங்கி, நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தனர். இன்று எல்லா நகரங்களிலும் எடுக்கப்படும் ‘எக்கோ’ சோதனையின் தொடக்கம் அதுவே. 1975இல் மார்கன்ராத் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இம்முறையில் விளையாட்டு வீரர்களை அளந்தனர். நெடுந்தொலைவு ஓட்டக்காரர், நீச்சல்காரர் ஆகியோரிடம் அகன்ற அறையும், மல்லர், குண்டு எறிபவர் ஆகியோரிடம் தடித்த சுவரும் காணப்பட்டன. துடுப்பு வலிப்பவரும் மிதிவண்டிப் பந்தயக்காரரும் இந்தப் பிரிவினைக்குள் அடங்குவதில்லை. அவர்கள் வெள்ளத்தையும் அழுத்தத்தையும் ஒருங்கே தாங்குகிறார்கள். அறையும் அகல்கிறது, சுவரும் தடிக்கிறது. தேம்ஸ் ஆற்றில் வழக்குத் தொடங்கியது தற்செயல் அன்று போலும்.

பெரிய இதயம் படைத்தவர்கள்தாம் வீரர்களாகிறார்களா, வீரர்களாவதால் இதயம் பெரிதாகிறதா என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை பார் லாப்பின் இதயம் இன்றும் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் எடை 6.2 கிலோகிராம், சாதாரணக் குதிரையின் இதயத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அது பிறப்பால் வந்ததா, ஓட்டத்தால் வந்ததா என்று கண்ணாடிக் குடுவையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மனிதரிடம் இதற்கு ஒரு விடை 2008இல் கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களைப் பயிற்சிக்கு முன்னும் 90 நாள் பயிற்சிக்குப் பின்னும் அளந்தனர். துடுப்பு வலித்தவர்களின் அறைகள் விரிந்திருந்தன; அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்களின் இதயச் சுவர் தடித்திருந்தது. மூன்றே மாதத்தில், அவரவர் செய்த பணிக்கு ஏற்ப இதயம் வெவ்வேறு வடிவம் கொண்டது. பிறப்புக்கும் பங்கு உண்டு. ஆயினும் உழைப்பின் கை தெளிவாகவே தெரிகிறது.

இதன் மறுபக்கத்தை ஓய்வுநேர நாடித்துடிப்பில் காணலாம். பயிற்சி பெற்றவரின் இதயம் துடிப்புக்கு 110 மில்லிலிட்டர் அனுப்புமாயின், ஓய்வில் 45 துடிப்பே அவருக்குப் போதும். நாளொன்றுக்கு 70 வீதம் துடிக்கும் இதயம் 1,00,800 முறை சுருங்குகிறது. 45 வீதம் துடிப்பது 64,800 முறை சுருங்குகிறது. முன்பு இத்தகைய நாடியைக் கண்ட மருத்துவர் திடுக்கிட்டிருப்பார். இன்று அவர் முதலில் கேட்பது, “நீங்கள் ஓடுவதுண்டா?” என்பதுதான்.

டிமாரின் நெஞ்சுக்குள்

டிமார் மீண்டும் ஓட வந்தார். 1922இல் பாஸ்டனில் வென்றார். 1923, 1924, 1927, 1928 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். 1930இல் தமது நாற்பத்தோராம் வயதில் ஏழாம் முறையாக வென்றார். 1924 பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அறுபத்தைந்து வயதிலும் பாஸ்டன் ஓட்டத்தில் கலந்துகொண்டார். 1958இல், எழுபது வயதில், அவரைக் கொண்டு சென்றது புற்றுநோய்.

அவரது உடற்கூறாய்வின் முடிவை கரன்ஸ், பால் டட்லி ஒயிட் என்னும் இரு பாஸ்டன் மருத்துவர்கள் 1961இல் வெளியிட்டனர். ஒயிட், அமெரிக்க அதிபர் ஐசனோவர் மாரடைப்புற்றபோது அவருக்கு மருத்துவம் பார்த்தவர். இதய நோயாளிகளைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்த காலத்தில் நடக்கச் சொன்னவர். அவர்கள் கண்ட செய்தி இது: டிமாரின் இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் இயல்பைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு அகலம் கொண்டிருந்தன. எழுபது வயதுக்குரிய கொழுப்புப் படிவு அவற்றில் ஓரளவு இருந்தது. ஆனால் வாய்க்கால் அவ்வளவு அகலமாக இருந்ததால் அந்தப் படிவு நீரோட்டத்திற்குத் தடையாகவில்லை.

ஒரு மனிதரின் உடலிலிருந்து உலகத்தாருக்கெல்லாம் விதி வகுக்க முடியாது. டிமாரின் தமனிகள் பிறவியிலேயே அகன்றவையாக இருந்திருக்கவும் கூடும். எனினும் 1911இல் அவர் நெஞ்சில் கேட்ட முணுமுணுப்புக்கு அரைநூற்றாண்டு ஓட்டம் ஒரு விடை கூறிவிட்டது. பயிற்சி பெற்ற இதயத்தில் மிகுதியான இரத்தம் விரைந்து பாயும்போது இத்தகைய தீங்கற்ற ஒலி எழுவதுண்டு என்பதை இன்று மருத்துவ மாணவர்கள் பாடமாகவே படிக்கிறார்கள்.

ஒரே உருவம், இரண்டு பொருள்

டிமாரின் கதையோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையைச் சொன்னதாகிவிடும். 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் கேமரூன், கொலம்பியா அணிகளுக்கிடையே கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ, அருகில் எவரும் இல்லாதபோது, ஆடுகளத்தின் நடுவே சரிந்து விழுந்தார். அவருக்கு வயது இருபத்தெட்டு. மருத்துவர்களின் முயற்சி பலிக்கவில்லை. பின்னர் நடந்த ஆய்வில், அவருக்கு இதயத்தசைத் தடிப்பு நோய் இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ ஐந்நூறு பேரில் ஒருவருக்குக் காணப்படும் மரபுவழி நோய் இது. இடக் கீழறையின் சுவர் காரணமின்றித் தடிக்கும். தசைநார்கள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கும். கடும் உழைப்பின்போது துடிப்பின் தாளம் திடீரெனச் சிதறக்கூடும். பலருக்கு முன்னறிகுறி எதுவும் இருப்பதில்லை.

சுவர் தடித்திருக்கிறது என்று மட்டும் எக்கோ காட்டினால் மருத்துவர் என்ன செய்வது? உழைப்பு தடிக்க வைத்ததா, நோய் தடிக்க வைத்ததா? நோய் என்று தவறாகக் கருதினால், ஓர் இளைஞர் வாழ்நாள் கனவையும் சில நேரங்களில் குடும்பத்தின் வருவாயையும் இழக்கிறார். உழைப்பு என்று தவறாகக் கருதினால் அவர் உயிரையே இழக்கக்கூடும். முதல் தவற்றில் இழப்புக்குள்ளானவர் கண்முன் நின்று கேள்வி கேட்பார். இரண்டாம் தவற்றில் கேட்க அவர் இருக்கமாட்டார். அதனால்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் எச்சரிக்கையின் பக்கமே சாய்கிறார்கள். அதுவும் மனித இயல்பே.

இத்தாலி நாட்டு மருத்துவர் பெலிச்சாவும் குழுவினரும் 947 முதல்தர வீரர்களை அளந்து 1991இல் வெளியிட்ட ஆய்வு இங்குப் பெரிதும் உதவியது. இயல்பான மனிதரின் இடக் கீழறைச் சுவர் ஏறத்தாழ 11 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. அந்த 947 பேரில் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர் 16 பேரே. அவர்களில் 15 பேர் துடுப்பு அல்லது தோணிப் போட்டி வீரர்கள். ஒருவர் மிதிவண்டி வீரர். எவருக்கும் 16 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. ஆகவே உழைப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பது தெரிந்தது. 13 முதல் 15 மில்லிமீட்டர்வரை உள்ள இடைவெளிதான் இரண்டும் கலந்து நிற்கும் மங்கலான பகுதி. அங்கே வேறு சான்றுகளைத் தேட வேண்டும். வீரரின் இதயத்தில் சுவரோடு அறையும் பெரிதாக இருக்கும். நோயில் சுவர் உள்நோக்கித் தடித்து அறை குறுகியிருக்கும். வீரரின் இதயம் எளிதாகத் தளர்ந்து நிரம்பும். நோயுற்றது விறைத்து நிற்கும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்ததா என்று கேட்பது, எந்தக் கருவிக்கும் குறையாத சான்று.

எல்லாம் முயன்றும் தெளியாவிட்டால் கடைசியாக ஒரு சோதனை உண்டு: ஓய்வு. மூன்று மாதம் பயிற்சியை அறவே நிறுத்தச் சொல்வார்கள். 1988 ஒலிம்பிக்கில் போட்டியிட்ட ஆறு வீரர்களிடம் இவ்வாறு செய்து பார்த்தபோது, சராசரியாக 13.8 மில்லிமீட்டராக இருந்த சுவர் 10.5 மில்லிமீட்டராகக் குறைந்தது. உழைப்பு கட்டியது, உழைப்பு நின்றதும் கலைந்தது. நோய் கட்டியது அவ்வாறு கலைவதில்லை. சொல்வதற்கு எளிய சோதனைதான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் அணித் தேர்வு நடந்துவிடக்கூடும் என்பதை வீரரும் அறிவார். அவர்தம் பயிற்சியாளரும் அறிவார். இந்த அறிவுரையை ஏற்காமல் மருத்துவரை மாற்றிக்கொள்பவர்களும் உண்டு.

இத்தாலி 1982 முதல், போட்டி விளையாட்டில் ஈடுபடும் எவரும் ஈ.சி.ஜி. உள்ளிட்ட மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்னும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம், இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு 3.6 என்னும் அளவிலிருந்து 2004ஆம் ஆண்டளவில் 0.4 ஆகக் குறைந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. பதுவா நகரில் சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் மேற்சோதனைக்கு அனுப்பப்பட்டனர். இருவர் விளையாட்டிலிருந்தே விலக்கப்பட்டனர். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஆபத்தில் இருந்தனர், எத்தனை பேர் டிமாரைப் போன்றவர்கள் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இஸ்ரேலும் 1997இல் இத்தகைய சட்டம் இயற்றியது. ஆனால் அங்கு இறப்பு எண்ணிக்கையில் குறைவு தென்படவில்லை என்று பின்னர் நடந்த ஆய்வு கூறியது. எனவே இவ்வழக்கு இன்னும் முடிவுக்கு வரவில்லை.

நோயில்லாத வீரரின் இதயத்திற்கும் மிகை உழைப்பு முற்றிலும் விலையின்றிக் கிடைப்பதன்று. ஹென்ஷென் வாழ்ந்த சுவீடனிலேயே ‘வாசாலோபெட்’ என்னும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் 1922 முதல் நடைபெறுகிறது. அதை முடித்த 52,755 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், பலமுறை பங்கேற்றவர்களுக்கும் மிக விரைவாக முடித்தவர்களுக்கும் இதயத் தாளப் பிறழ்வு சற்று மிகுதியாகக் காணப்பட்டது. கீழறையோடு சேர்ந்து மேலறையும் விரிவதே அதற்குக் காரணம் என்று கருதுகின்றனர். இச்செய்தி ஆண்டுக்கணக்காக, உச்ச அளவில் பயிற்சி செய்பவர்களைப் பற்றியது. மாலையில் அரைமணி நேரம் ஓடுபவர் இதைக் காரணம் காட்டி நாற்காலியில் அமர்ந்துவிட முடியாது.

உழைக்காத இதயம்

அமர்ந்திருப்பதும் இதயத்தை வடிவமைக்கிறது. 2019இல் ஓர் ஆய்வுக் குழு சிம்பன்சிகளின் இதயத்தையும், மெக்சிகோவின் மலைப்பகுதியில் வாழும் தாராஉமாரா உழவர்கள், நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள், அமெரிக்கக் கால்பந்து வீரர்கள், உடலுழைப்பற்றவர்கள் ஆகியோரின் இதயங்களையும் ஒப்பிட்டது. மரமேறியும் சண்டையிட்டும் குறுகிய நேரம் பெருவலிமை காட்டும் சிம்பன்சியின் இதயம் தடித்த சுவரும் உருண்ட வடிவும் கொண்டது. மனித இதயம் நீண்டு, மென்சுவர் கொண்டு, நெடுநேர நடைக்கும் ஓட்டத்திற்கும் ஏற்றதாக அமைந்துள்ளது. உடலுழைப்பை விட்டுவிட்ட இளைஞர்களின் இதயமோ, எந்தப் பயிற்சியும் செய்யாமலேயே, சிம்பன்சியின் வடிவத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது.

எவ்வளவு விரைவாக இதயம் சுருங்கும் என்பதை 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. இருபது வயதுடைய ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருத்தப்பட்டனர். எழுந்து நடக்க அனுமதியில்லை. மூன்று வாரம் கழித்து அளந்தபோது, உச்ச உழைப்பில் உயிர்வளியைப் பயன்படுத்தும் திறன் அவர்களிடம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. இதயமும் சிறுத்திருந்தது. பின்னர் எட்டு வாரம் கடும் பயிற்சி தரப்பட்டது. இழந்ததை மீட்டு, அதற்கு மேலும் உயர்ந்தனர்.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து மீண்டும் அளந்தனர். அவர்களுக்கு இப்போது ஐம்பது வயது, எடை கூடியிருந்தது. ஆயினும் முப்பது ஆண்டு மூப்பு அவர்களின் திறனைக் குறைத்த அளவு, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவைவிடச் சிறியதாகவே இருந்தது. ஆறு மாதம் படிப்படியாக நடை, மெதுவோட்டம், மிதிவண்டி என்று பயிற்சி தந்தபோது, அவர்கள் 1966இல் ஆய்வு தொடங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திரும்பினர். அந்த ஆண்டில் எட்டு வாரப் பயிற்சியின் முடிவில் எட்டியிருந்த உச்சத்தை மட்டும் ஐவரில் ஒருவரும் மீண்டும் எட்டவில்லை.